பழசு, புதுசு, பேக்கிங் கட்டை: வீட்டுச் சாமான் கொள்முதலில் நாம் கற்ற பாடம்



ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்குவதற்கு நாம் எவ்வளவு மெனக்கெடுகிறோம்! மூட்டையின் நடுவில் குத்தூசி விட்டு எடுக்கிறோம். உள்ளங்கையில் பரப்பி ஊதிப் பார்க்கிறோம். பல்லில் வைத்துக் கடித்து ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். நான்கு இடங்களில் விலை விசாரித்து, கிலோவுக்கு ஐம்பது பைசா குறையுமா என்று போனில் மன்றாடுகிறோம். இதே நாம்தான் வீட்டுக்குக் கட்டில், பீரோ, சோபா வாங்கப் போனால் குளிரூட்டிய ஷோரூமில் காபி குடித்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். உள்ளே இருப்பது மரமா, மரத்தூளா என்று கூடத் தட்டிப் பார்ப்பதில்லை.

யாரையோ குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாமே செய்ததைத்தான் எழுதுகிறோம்.

2016ஆம் ஆண்டு ஆவணி மாதம் அம்பத்தூரில் நமது புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடந்தது. கடை வேறு, குடோன் வேறு, வீடு வேறு என்று ஆனது அப்போதுதான். அதுவரை கடைக்குப் பின்னால்தான் குடித்தனம். புது வீட்டில் எல்லாமே புதிதாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். உண்மையைச் சொன்னால் நமக்கும் ஆசைதான். சோபா செட், ஆறு பேர் சாப்பிடும் மேசை, இரண்டு கட்டில், சுவரோடு சேர்த்துப் பொருத்திய இரண்டு பெரிய அலமாரி, டி.வி. வைக்க ஒரு நீளப் பெட்டி. மொத்தம் ரூ.3,80,000. கையிலிருந்து ரூ.1,30,000 கட்டினோம். மீதிக்கு மாதத் தவணை.

பழைய சாமான்களை என்ன செய்தோம்? தகப்பனார் படுத்த தேக்குக் கட்டிலை ஒரு உறவினருக்குக் கொடுத்தோம். அவர் உட்கார்ந்து கணக்கு எழுதிய சாய்வுப் பெட்டி ஒன்று இருந்தது. தரையில் பாய் போட்டுச் சம்மணமிட்டு எழுத வாகாக மூடி சரிவாக இருக்கும். மூடியைத் தூக்கினால் உள்ளே நாணயங்களுக்குத் தனித்தனி அறைகள். அதைத் தெருவில் வந்த பழைய சாமான்காரர் ரூ.600க்கு எடுத்துக்கொண்டு போனார். ஒரு நீளமான பெஞ்சும் தடித்த மர ரேக்கும் மட்டும் தப்பின. அவற்றின் மேல் மூட்டைகள் இருந்ததால் அன்றைக்கு யாருக்கும் இறக்க நேரமில்லை, குடோனிலேயே கிடந்தன.

கிரகப்பிரவேசம் முடிந்து இரண்டு மாதம் ஆகவில்லை. நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அந்த வாரங்கள் எப்படி இருந்தன என்று இந்த இதழைப் படிக்கும் யாருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. சில்லறைக் கடைக்காரர்களிடமிருந்து வசூல் வரவில்லை. பொங்கலுக்கு வெல்லம் வாங்கும் நேரம் நெருங்கியது. முன்பணம் கொடுத்து முதல் லோடு எடுப்பவருக்குத்தான் விலை படியும். நம்மிடம் முன்பணம் இல்லை. முன்பணமாக இருக்க வேண்டிய தொகை வரவேற்பறையில் சோபாவாக உட்கார்ந்திருந்தது. அந்தப் பொங்கலுக்கு வழக்கத்தில் பாதிச் சரக்குதான் எடுத்தோம். தவணை மட்டும் மாதாமாதம் ஐந்தாம் தேதி தவறாமல் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, கடன் அடைந்தது. சாமான் மிஞ்சியது என்று மனதைத் தேற்றிக் கொண்டோம். 2023 டிசம்பரில் அதுவும் போயிற்று.

மிக்ஜாம் புயலின் மழை டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டியது. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிப் பகுதிகள் பட்டபாடு எல்லோரும் அறிந்தது. தொழிற்பேட்டைக்குள்ளேயே தண்ணீர் நின்றது. நமது வீட்டின் தரைத்தளத்தில் முழங்காலளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் சுவர் அலமாரிகளின் அடிப்பலகைகள் பாலில் ஊறிய ரஸ்க் போலப் பருத்திருந்தன. கையை வைத்தால் மாவாக உதிர்ந்தது. மேலே ஒட்டியிருந்த மினுமினுப்பான தாள் மட்டும் உரிந்து தொங்கியது. அதைத்தான் ஏழு வருடமாக மரம் என்று துடைத்துக் கொண்டிருந்தோம். கட்டில்களின் தலைப்பலகை, டி.வி. பெட்டி எல்லாம் அதே கதி. குடோனில் சரக்கு நனைந்த கணக்கு தனி. அதை இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் அதே குடோனில் அதே தண்ணீரில் நின்ற பழைய பெஞ்சும் ரேக்கும் சேறு பூசி அப்படியே நின்றன. கழுவி, நிழலில் பத்து நாள் காயவைத்தோம். ரேக்கின் ஒரு தட்டு லேசாக நெளிந்ததே தவிர வேறு சேதம் இல்லை.

அதன் பிறகுதான் துவரம் பருப்பைப் பார்ப்பது போல மரத்தையும் பார்க்க வேண்டும் என்ற புத்தி வந்தது. 2024இல் வீட்டை மறுபடி நிரப்பியபோது பழையது, புதியது, பேக்கிங் கட்டையில் செய்தது என்று மூன்றையும் கலந்தோம். அழகுக்காக அல்ல, கைமுதல் கடையிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று நாம் கற்றதை இனி எழுதுகிறோம்.

முதலில் பழைய மரம். சென்னையில் பழைய தேக்குக்கு ஒரு பெரிய ஊற்று உண்டு. நமது பாட்டன் காலத்து வீடுகள் பலவற்றுக்கு ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை. தேக்குச் சட்டங்களை நெருக்கமாக வரிசையிட்டு, அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டியவை. இப்படிப்பட்ட வீடு இடிபடும்போது ஐம்பது, நூறு வருடம் காய்ந்த தேக்குச் சட்டங்கள் வெளியே வருகின்றன. காய்ந்த மரம் இனிமேல் அதிகம் சுருங்காது, முறுக்காது. புது மரத்தை அறுத்துக் காயவைக்கும் செலவும் காத்திருப்பும் இதில் இல்லை. பர்மா அரசு 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மரத்தை உருட்டுக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. அதனால் பர்மாத் தேக்கு என்று யாராவது சொன்னால், இடித்த வீட்டுச் சட்டத்தைக் காட்டிச் சொல்பவரின் பேச்சில் உண்மை இருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் கவனிக்க வேண்டியது ஆணி. பழைய சட்டத்துக்குள் முறிந்த ஆணி ஒளிந்திருக்கும். அறுவை மில்லில் ரம்பப் பல் போனால் அந்தச் செலவு நம் தலையில்தான். ஆகவே வாங்குமுன் ஒரு நல்ல காந்தத்தை நீளவாக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆணியை எடுத்தபின் எத்தனை கன அடி தேறும் என்று பார்த்துத்தான் விலை பேச வேண்டும். கல், மண் கழித்துப் பருப்புக்கு விலை பேசுவது போல.

எல்லாப் பழைய மரமும் தேக்கு அல்ல. பாலிஷ் போட்டுவிட்டால் வேங்கை, பூவரசு, வேம்பு, பலா எல்லாமே தேக்கு மாதிரிதான் தெரியும். நாம் ஆசையாகப் பார்த்த ஒரு அலமாரியை நமது ஆசாரி தொட்டவுடன் சிரித்துவிட்டார். இழுப்பறையை வெளியே எடுத்து, பாலிஷ் படாத அடிப்பக்கத்தில் ஈரத் துணியை வைத்துச் சற்று நேரம் அழுத்தினார். துணியில் மஞ்சள் கறை.

“அண்ணாச்சி, இது தேக்கு இல்ல, வேங்கை. தண்ணி பட்டா சாயம் விடும், பாருங்க. மட்டமான மரம்னு சொல்லல. உரம் இதுக்குத்தான் ஜாஸ்தி. ஆனா தேக்கு வெல குடுக்காதீங்க. வெள்ளச் சட்ட எல்லாம் இதுல வைக்காதீங்க” என்றார்.

வேங்கை விலைக்கு அதையே வாங்கினோம். துணிக்குப் பதில் பாத்திரம் வைக்கிறோம்.

பாலிஷ் படாத இடத்தைப் பார்ப்பதுதான் இதில் முக்கியமான பாடம். இழுப்பறையின் அடி, மேசையின் கீழ்ப்பக்கம், பீரோவின் முதுகு. மாவு போலப் பொடி கொட்டியிருந்தால் உளு இருக்கிறது. ஊசித்துளைகள் மட்டும் இருந்து பொடி இல்லை என்றால் அது பழைய கதையாக இருக்கலாம். வெள்ளைத் தாளை அடியில் விரித்து ஒரு வாரம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கால்களை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கவும். கரையான் தின்ற கால் பொத்தென்று ஒலிக்கும். இணைப்புகளையும் பார்க்க வேண்டும். ஒரு சட்டத்தின் நுனியைச் செதுக்கி இன்னொன்றின் துளைக்குள் இறக்கி மர ஆணி அடித்திருந்தால் எத்தனை முறை ஆடினாலும் திரும்ப இறுக்கலாம். வெறும் இரும்பு ஆணியும் பசையும் என்றால் அது மேலோட்டமான வேலை.

பூச்சிக்கு மருந்து நமது கடையிலேயே இருக்கிறது. வெண்காரம் 300 கிராம், போரிக் பவுடர் 200 கிராம், பத்து லிட்டர் வெந்நீரில் கரைத்து, பாலிஷ் சுரண்டிய வெறும் மரத்தில் இரண்டு மூன்று முறை பூசிக் காயவிட வேண்டும். பாலிஷின் மேல் பூசினால் உள்ளே இறங்காது. கையுறை போட்டுக்கொள்ளவும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும். உணவுப் பொருள் நேரடியாகத் தொடும் தட்டுகளுக்கு வேண்டாம். பழைய கட்டில் என்றால் மூட்டைப்பூச்சியும் இருக்கும். வீட்டுக்குள் ஏற்றுமுன்னே வெளியில் வைத்துக் கழற்றி, இடுக்குகளில் கொதிநீர் ஊற்ற வேண்டும். கழற்றாமல் உள்ளே கொண்டுபோனவர்கள் ஒரு கட்டிலுக்குப் பதில் நான்கு கட்டிலைக் கொதிநீரில் குளிப்பாட்டியிருக்கிறார்கள்.

பழைய பெயிண்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நமது நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பச்சை, மஞ்சள், சிவப்புப் பெயிண்ட்களில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பழைய தொட்டில், குழந்தை நாற்காலி இவற்றை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. நனைத்துத் தேய்த்து, துடைத்த துணியையும் தூக்கியெறிய வேண்டும். குழந்தை வாய் வைக்கும் பொருளைப் பழையதாக வாங்காமல் இருப்பதே நமது முடிவு.

பழைய மரம் என்றதும் செட்டிநாட்டைச் சொல்லாமல் போக முடியாது. நம்மைப் போல வியாபாரம் செய்தவர்கள்தான் அவர்களும். பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்தி, பர்மாத் தேக்கில் தூணும் கதவும் செய்து வீடு கட்டினார்கள். 1930களின் உலக மந்தமும், 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அந்தத் தொழிலை முறித்தன. ஒரே வீட்டுக்குப் பங்குதாரர்கள் பெருகினார்கள். பராமரிக்க ஆள் இல்லை. கதவும் தூணும் பெட்டியும் பாத்திரமும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. இன்றும் வாங்கலாம். 1996இல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ராவில் அப்படிப்பட்ட ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வீட்டு முன்கட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதியவரை நினைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றோம். நமது சாய்வுப் பெட்டியின் நினைவும் வந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் வேறொரு ஊரில் ஒரு பழம்பொருள் கடையில் ஏறக்குறைய அதே அளவுப் பெட்டி ஒன்றைப் பார்த்தோம். விலை ரூ.16,000 என்றார்கள். வாங்கவில்லை. யாருடைய தகப்பனாரின் பெட்டியோ அது.

இனி பேக்கிங் கட்டைக்கு வருவோம். இது ஏதோ புது நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். 1960களில் தொழிற்பேட்டை வளர்ந்த காலத்தில் தகப்பனார் தெற்கேயிருந்து வந்து மளிகை தொடங்கியபோது முதல் ரேக் கள்ளிப்பெட்டியில்தான். டீ வந்த பிளைவுட் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டால் ஸ்டூல். சோப்புப் பெட்டியைப் பக்கவாட்டில் அடுக்கினால் அலமாரி. இன்று அந்தப் பெட்டிகள் போய் அட்டையும் பேப்பர் சாக்கும் வந்துவிட்டன. பதிலுக்கு அம்பத்தூர், திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு இயந்திரமும் உதிரிபாகமும் ஏற்றிவரும் மரப் பேலட்டுகள் இருக்கின்றன. நமது குடோனில் அரிசி மூட்டைக்கு அடியில் போடுவதும் அதையேதான். வழக்கமான அளவு 1200க்கு 1000 மில்லிமீட்டர்; ஐரோப்பாவிலிருந்து வருவது பெரும்பாலும் 1200க்கு 800. வெளிநாட்டுக் கட்டை பெரும்பாலும் பைன். நம் ஊரில் அடித்த பெட்டிகளில் சில்வர் ஓக், ரப்பர் மரம் அதிகம்.

வாங்குமுன் கட்டையின் பக்கத்தில் உள்ள முத்திரையைப் படிக்க வேண்டும். எல்லை தாண்டும் மரப் பெட்டிகளோடு பூச்சி பயணம் செய்யக் கூடாது என்பதற்காக 2002இல் உலக நாடுகள் ஏற்ற விதிமுறை அது. கோதுமைக் கதிர் போன்ற ஒரு படம், பக்கத்தில் நாட்டின் பெயரைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள், ஒரு எண், கடைசியில் மீண்டும் இரண்டு எழுத்துகள். கடைசியில் எச், டி என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி அரை மணி நேரம் நிற்கும்படி காயவைத்தது என்று பொருள். எம், பி என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவில் வைத்தது. வாயு பறந்துபோயிருக்கும் என்று சொல்வார்கள். இருந்தாலும் எச்.டி. கட்டை தாராளமாகக் கிடைக்கும்போது எம்.பி. கட்டையை வீட்டுக்குள் கொண்டுவர என்ன அவசியம்? முத்திரையே இல்லாத கட்டையையும், எண்ணெய், ரசாயனம் சிந்திக் கறை படிந்த கட்டையையும் மலிவு என்று தொடக் கூடாது. முக்கியமாக மாவு, அரிசி இருக்கும் இடத்துக்கு அருகில் வேண்டவே வேண்டாம்.

சூட்டில் வைத்ததால் இனிக் கரையான் வராது என்று சிலர் விற்பார்கள். தவறு. உள்ளே இருந்த பூச்சியைச் சூடு கொன்றது, அவ்வளவுதான். நாளை வரும் கரையானுக்குப் பைன் மரம் நல்ல விருந்து. அதனால் பேக்கிங் கட்டையில் செய்ததைத் தரையில் ஊன்றக் கூடாது. சுவரில் மாட்டும் தட்டுகள், டி.வி. பலகை, புத்தக அடுக்கு, பூஜை அறையின் மேல்தட்டு ஆகியவற்றுக்கு அது போதும். நாம் பதினாறு பேலட் வாங்கினோம். ஆணி பிடுங்கி, இழைத்து, உடைந்தது கழித்தபின் பதினொன்றின் கட்டைதான் தேறியது. இந்தக் கழிவைக் கணக்கில் சேர்க்காமல் ‘பேலட் மலிவு’ என்று சொல்வது, தோலோடு கடலை வாங்கிப் பருப்பு விலை சொல்வது போன்றது. கட்டை விலையைவிட ஆசாரி கூலிதான் அதிகம் ஆயிற்று. அப்படியிருந்தும் ஷோரூம் விலையில் பாதிக்கும் கீழேதான்.

எதைப் புதிதாகவே வாங்க வேண்டும்? மெத்தை, தலையணை. இதில் பேச்சே இல்லை. நகையும் பத்திரமும் வைக்கும் இரும்பு பீரோவையும் புதிதாகவே வாங்கினோம். பழைய பீரோவின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பீரோ வாங்கும்போது கேஜ் எண் கேட்க வேண்டும். எண் கூடக் கூடத் தகடு மெலிது. 22ஐவிட 20 கனமானது. வெள்ளம் பார்த்த ஊரில் பீரோவைத் தரையில் வைக்காமல் அரை அடி உயரக் கருங்கல் பலகையில் ஏற்றுவது நல்லது. துரு எப்போதும் அடித்தகட்டிலிருந்துதான் தொடங்கும். சமையலறைக் கீழ் அலமாரிக்கு நாம் பலகையே போடவில்லை. கடப்பா கல் தட்டும் அலுமினியக் கதவும்தான். பலகைதான் வேண்டும் என்பவர்கள் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் கேட்டு வாங்கட்டும். மரத்தூள் பலகையைத் தரைத்தளத்தில் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். மாடியில் இருப்பவர்களுக்கு அது அவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றையும் ஒரே கூடத்தில் வைத்தால் பழைய சாமான் கடை போலிருக்காதா என்று எங்கள் வீட்டம்மா கேட்டார். நியாயமான கேள்வி. முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. வேங்கை சிவப்பு, பைன் வெளுப்பு, பெஞ்ச் கறுப்பு. மருமகள்தான் வழி சொன்னாள்: “மாமா, எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்க வேணாம். வெளுப்பா இருக்கற பைனை மட்டும் கொஞ்சம் கருக்கிடச் சொல்லுங்க. மத்தது தானா ஒத்துப் போயிடும்.” அப்படியே செய்தோம். சரியாகிவிட்டது. நிறத்தைவிட உயரம்தான் அதிகம் தொந்தரவு தந்தது. பழைய நாற்காலியும் புது மேசையும் சேரும்போது இருக்கைக்கும் மேசைப் பரப்புக்கும் இடையே ஒரு அடி இருந்தால்தான் சாப்பிட வாகாக இருக்கும். பதினெட்டு அங்குல நாற்காலி என்றால் முப்பது அங்குல மேசை. நாம் இதைக் கவனிக்காமல் வாங்கிய நான்கு நாற்காலிகளில் உட்கார்ந்தால் தட்டு மோவாய்க்கு வந்தது. அவற்றின் காலில் இரண்டு அங்குலக் கட்டை சேர்க்க வேண்டியதாயிற்று. இன்னொன்று வாசல் அகலம். இப்போதைய அறைக் கதவுகள் இரண்டரை அடி, மூன்று அடிதான். பழைய அலமாரி பலவற்றைக் கழற்றிப் பூட்டலாம். கழற்ற முடியாததை டேப் பிடிக்காமல் வாங்கினால் அது திண்ணையிலேயே இருக்கும்.

அந்த நான்கு நாற்காலிகளின் பிரம்புப் பின்னலும் கிழிந்திருந்தது. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருப்பது நம் பகுதியினர் அறிந்ததே. நாற்காலிப் பின்னலைப் பார்வையற்றவர்களுக்குத் தொழிலாகக் கற்றுக்கொடுக்கும் வழக்கம் நமது நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அரசு அலுவலகங்களின் நாற்காலிகளைப் பின்னியவர்கள் அவர்களில் பலர். அப்படிக் கற்ற ஒருவர் நமது திண்ணையில் இரண்டு நாள் உட்கார்ந்து நான்கையும் பின்னிக் கொடுத்தார். விரலால் தடவியே எங்கே தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். கண்ணுள்ள நாம் ஷோரூமில் எதைப் பார்த்தோம் என்று அப்போது தோன்றியது.

கணக்கு விஷயம். கடைக்கு வாங்கும் மேசை, ரேக் இவற்றின் பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.யை வழக்கமான முறையில் பதிவு செய்தவர்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக் கொள்ளலாம். அந்த வரியையும் சேர்த்துத் தேய்மானம் கணக்கிட்டால் எடுக்க முடியாது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. வீட்டுச் சாமானைக் கடைப் பெயரில் பில் போட்டு வரி எடுப்பது தவறு. மாட்டிக்கொண்டால் வட்டியோடு கட்ட வேண்டும். பதிவு இல்லாத தனி ஆளிடம் பழையது வாங்கும்போது வரி இல்லை, எடுக்கவும் ஒன்றுமில்லை. ஆனாலும் விற்றவரின் கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கி வைப்பது அவசியம். திருட்டுப் பொருள் என்று பின்னால் ஒரு பேச்சு வந்தால் அந்தச் சீட்டுதான் நம்மைக் காப்பாற்றும்.

2024இல் நமக்கு ஆன செலவையும் சொல்கிறோம். வேங்கை அலமாரி, இடித்த வீட்டுத் தேக்கில் செய்த இரண்டு கட்டில், நாற்காலிகள், பேலட் கட்டை, கூலி, பின்னல், புது பீரோ, மெத்தை எல்லாம் சேர்த்து ரூ.1,42,000. தவணை இல்லை, ஐந்து மாதத்தில் ஒவ்வொன்றாக, கையில் பணம் இருக்கும்போது வாங்கினோம். அந்த ஐந்து மாதமும் விருந்தாளிகள் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. அடுத்த பொங்கலுக்கு வெல்லத்தின் முதல் லோடுக்கு முன்பணம் கொடுக்க முடிந்தது.

குடோனிலிருந்து வந்த பெஞ்ச் இப்போது கூடத்தில் ஜன்னல் ஓரம் இருக்கிறது. அதன் ஒரு முனையில், மூட்டை தைக்கும் ஊசியைத் தகப்பனார் குத்திக் குத்தி வைத்த இடத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டு. ஆசாரி அதை மக்கு வைத்து அடைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பேரன் இப்போது அந்தப் பள்ளத்தில் பென்சிலை நிறுத்தி வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதுகிறான்.